செல்வராஜ் அண்ணன் கையில் கண்ணாடி வளையல்

செய்தி வந்தபோது நான் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மலைச் சரணாலயத்திலிருந்து எங்கள் மிருக டாக்டரம்மா போன் செய்தார். எப்போதும் “சரோஜாம்மா, திண்டி ஆய்த்தா?” என்று, டிபன் ஆச்சா என்று, கன்னடத்தில் கேட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பார். அன்று அதைக் கேட்கவில்லை. செல்வராஜ் அண்ணன் காலைச் சுற்று முடித்துவிட்டு, தீவனக் கொட்டகை வாசலில் டீ டம்ளரோடு உட்கார்ந்தாராம். பாதி டீ குடிப்பதற்குள் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாராம். நெஞ்சு வலி என்று யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்.

போனை வைத்துவிட்டு மிச்சப் பூசணிக்காயையும் நறுக்கி முடித்தேன். நெஞ்சில் ஈரம் இல்லாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். கூண்டுகளில் இருந்த அத்தனை மிருகங்களின் வாய்க்கும் ஒன்பது மணிக்குச் சாப்பாடு போயாக வேண்டும். அவர் இங்கே இருந்த காலத்தில், கால் மணி நேரம் தாமதமானால் முதலில் சத்தம் போடுகிறவர் அவர்தான். எல்லாத் தட்டும் போன பிறகு கை கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அண்ணனைத் தெரிந்தவர்கள் எல்லாம் சேர்ந்து அவர் நினைவாக ஒரு சிறு மலர் போடுகிறீர்கள். என்னையும் எழுதச் சொன்னீர்கள். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். நான் எழுதியதில் எழுத்துப் பிழையை மட்டும் என் மகள் திருத்தினாள். மற்றதில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். படித்தவர்கள் அவருடைய வேலையைப் பற்றி எழுதுவார்கள். எனக்கு எழுதத் தெரிந்தது அவர் கையில் கிடந்த வளையலைப் பற்றித்தான். உங்களில் சிலர் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறீர்கள். ஏன் போட்டார் என்று முழுசாகத் தெரிந்தவர்கள் குறைவு.

எனக்கு வீடு பெங்களூர் ஈஜிபுராவில். இரண்டு பஸ் மாறி, ஊர் ஓரத்தில் இருக்கும் எங்கள் மீட்பு மையத்துக்கு வேலைக்கு வருகிறேன். கரண்ட் கம்பியில் அடிபட்ட குரங்கு, பட்டத்து நூலில் இறக்கை அறுபட்ட பருந்து, கிணற்றில் விழுந்த நரி என்று பெங்களூரும் சுற்று வட்டாரமும் எங்களுக்குத் தினம் ஏதாவது அனுப்பிக்கொண்டே இருக்கும். அவற்றுக்குச் சாப்பாடு தயார் செய்வது என் வேலை. குணமானதை விட்டுவிடுவோம். தாயில்லாத குட்டிகளை, காடு பழகுவதற்காக, சிக்மகளூர்ப் பக்கத்து மலையில் இருக்கும் எங்கள் சரணாலயத்துக்கு அனுப்புவோம். அந்த வண்டியை ஓட்டியதும், மலையில் அவற்றைக் கவனித்துக்கொண்டதும் செல்வராஜ் அண்ணன்.

அவர் கோலார் தங்கவயல்காரர். அப்பா சுரங்கத்தில் வேலை செய்தவர். சுரங்கம் மூடியதும் இவர் வெல்டிங் பழகிக்கொண்டு, தினம் ரயிலேறி பெங்களூருக்கு வந்து போனார். எங்கள் மையத்துக்குக் கூண்டு அடிக்கத்தான் முதலில் வந்தார். நான் தண்ணீர் கொடுக்கப் போனபோது பார்க்கிறேன், சுற்றுக்கம்பி ஒன்றுகூட எழும்பவில்லை. வெறும் கதவை மட்டும் செய்து நிறுத்திவைத்து, திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாண்ணே, கூண்டே இல்ல, கதவ வச்சிகினு வெளையாடறீங்க?” என்றேன்.

“எல்லாரும் கம்பியெல்லாம் அடிச்சிட்டுக் கடைசியா கதவ சொருவுவான். அது சூட்டுல கோணி இழுத்துக்கும். தொறக்கற அன்னிக்கு மாட்டிக்கும்” என்றார். தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொம்பைக் கொடுக்கும்போது, “கூண்டுல முக்கியமே கதவுதாம்மா. அது ஒரு நாள் தொறக்கணும் இல்ல?” என்றார்.

கூண்டு முடிந்தது. அவர் போகவில்லை. அடுத்த வாரம் ஒரு குரங்கு அவர் சாப்பாட்டு டப்பாவைப் பிடுங்கித் தலையில் கவிழ்த்ததைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம். “இதுங்ககூட ஒத்துப்போவும் எனக்கு” என்றார். அதற்குப் பிறகு எங்கள் ஆள் ஆகிவிட்டார். மலையில் சரணாலயம் ஆரம்பித்தபோது அங்கே போய்விட்டார்.

இனி கரடிக்கு வருகிறேன்.

ஒரு நாள் ராமநகரம் பக்கத்துக் கல்குவாரி ஒன்றிலிருந்து ஒரு கரடிக் குட்டியைக் கொண்டுவந்தார்கள். பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் மாட்டித் தாய் செத்துப்போயிருந்தது. குட்டி அதன்மேல் படுத்திருந்ததாம். இரண்டு கைக்குள் அடங்கும். டாக்டரம்மா சொன்ன அளவில் பால் கலந்து பாட்டிலில் கொடுத்தேன். ரப்பரை வாயில் வைத்ததும் ஒரு சத்தம் போடும் பாருங்கள், பக்கத்து வீட்டில் தையல் மெஷின் ஓடுவது போல. வயிறு நிறையும்வரை அந்த மெஷின் நிற்காது. கொஞ்சம் வளர்ந்ததும் கேழ்வரகுக் கூழ். என் கைக்கு ஆறாறு பச்சைக் கண்ணாடி வளையல் எப்போதும் கிடக்கும். கூழ் கிண்டும்போது அது குண்டான் ஓரத்தில் இடிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் போதும், குட்டி தையல் மெஷினை ஓட்டிக்கொண்டு கதவண்டை வந்து நிற்கும்.

காட்டுக்குப் போக வேண்டிய குட்டிக்குப் பேர் வைக்கக் கூடாது என்பது எங்கள் மையத்துச் சட்டம். நம்பர்தான். அது ஏழாம் நம்பர். உருண்டு உருண்டு நடந்ததால் நான் ரகசியமாகப் பூசணி என்று கூப்பிட்டேன். வண்டியில் ஏற்ற வந்த அண்ணன் அதைக் கேட்டுவிட்டார்.

“பேர் வைக்காதம்மா. பேர் வச்சா கூப்புடத் தோணும். கூப்புட்டா வரும். வந்துச்சுன்னா அப்புறம் அது காட்டு மிருகம் இல்ல” என்றார். நான் அழுதேன். வண்டியைக் கிளப்பிவிட்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “அழுவாத. மாமியார் வூட்டுக்கா அனுப்பற?” என்றார். அழுகையோடு சிரிப்பும் வந்து, அப்போது என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது.

வருடம் ஒன்றானது. போன் செய்யும்போதெல்லாம் அது கறையான் புற்றைத் தோண்டித் தின்கிறது, மரம் ஏறுகிறது என்று அண்ணன் சொல்வார். சரணாலயத்தில் அதற்கு மலைச்சரிவில் பெரிய வேலிக்காடு. மனிதர் வாசனையும் குரலும் மறந்துபோக வேண்டும் என்று தூரத்திலிருந்தேதான் தீனி வைப்பார்கள். எல்லாம் சரியாக வந்தால் மழைக்காலம் முடிந்ததும் கதவைத் திறந்துவிடுவதாக இருந்தது. “ஒரு தரம் கண்ணால பாத்துடறேண்ணே” என்று கெஞ்சினேன். டாக்டரம்மாவிடம் கேட்டு, மறைவிலிருந்து பார்க்க அனுமதி வாங்கிக் கொடுத்தார்.

அந்தச் சமயம் பார்த்து என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆகியிருந்தது. வீட்டுக்கு வந்து பதினைந்து நாள்கூட ஆகவில்லை. நான் போகவில்லை என்றேன். “போய்ப் பாத்துட்டு வா. இங்க மூஞ்சியத் தூக்கி வச்சிகினு ஒக்காந்தா எனக்கு இன்னொரு தரம் வலி வரும்” என்று அவரே அனுப்பினார். மகளை வீட்டில் விட்டுவிட்டு விடியலில் எங்கள் தீவன வண்டியிலேயே ஏறினேன்.

மலை மேல் கேட்டில் அண்ணன் நின்று, செக்போஸ்ட் போலீஸ் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“பூவு?”

“வண்டிலயே எடுத்துட்டேன்.”

“பவுடரு?”

“போடல.”

“இருமல் வந்தா?”

“முந்தானையக் கடிச்சிக்கறேன்.”

“பேரு?”

“எந்தப் பேரு?”

“நடிக்காத. பூசணின்னு ஒரு வார்த்தை வாயில வந்துச்சு, அப்பிடியே தூக்கி வண்டில போட்டு ஈஜிபுராவுல எறக்கிடுவேன்.”

தன்னுடைய பழைய காக்கிச் சட்டையைக் கொடுத்துப் புடவை மேல் போடச் சொன்னார். போட்டேன். கை மடிப்பைச் சரிசெய்யும்போது அவர் கண் என் கையில் நின்றது. வளையல்களைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அப்புறம், “வூட்டுக்காரர் இன்னா சாப்புடறாரு?” என்று கேட்டார்.

“கஞ்சிதாண்ணே.”

“உம்” என்றார். “வா, போலாம்” என்று முன்னால் நடந்தார்.

ஓலைத் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தோம். நான், அண்ணன், டாக்டரம்மா. ரொம்ப நேரம் கழித்துப் பாறைக்குப் பின்னாலிருந்து அது வந்தது. கன்றுக்குட்டி அளவு. கழுத்தில் சடை, நெஞ்சில் வெள்ளை வரி. புற்றில் வாயை வைத்து ஊதி உறிஞ்சிக்கொண்டிருந்தது. நான் பாட்டில் கொடுத்த குழந்தையா இது என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கக் கையைத் தூக்கினேன். வளையல் முழங்கைப் பக்கம் சரிந்தது. அவ்வளவுதான் சத்தம்.

கரடி தலையைத் தூக்கியது. அடுத்த நிமிஷம் சரிவில் குதித்துக் குதித்து நேராக எங்களிடம் ஓடிவந்தது. வேலியில் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. அந்தத் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

நான் அன்று அடைந்த சந்தோஷத்தைச் சொன்னால் வெட்கமாக இருக்கிறது. என்னை மறக்கவில்லை என்று நினைத்தேன். திரும்பி டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் முகம் செத்திருந்தது.

எங்களை வெகு தூரம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். “சரோஜாம்மா, கேளுங்க” என்று கீழே கை காட்டினார். கீழே காப்பித் தோட்டம். பெண்கள் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சு, சிரிப்பு, கூடவே ஒவ்வொரு கிளைக்கும் கை போய் வரும்போது வளையல் சத்தம். காற்றில் மேலே வரை வந்தது. “இந்த மலையில வளையல் போடாத பொம்பளை யாரு?” என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாளைக்கு இது வெளியே போகும். விறகு பொறுக்குகிறவள், பழம் பறிக்கிறவள் யார் கை அசைந்தாலும் கூழ் என்று நினைத்து அவளிடம் ஓடும். இதற்கு அது ஆசை. அவளுக்கு இது கரடி. அலறி விழுவாள், அடிபடும். மறுநாள் ஊரே தடியோடு வந்து இதை அடித்துப்போடும்.

“இப்படின்னா இதை விட முடியாது. உயிரோட இருக்கிற வரைக்கும் உள்ளேதான்” என்றார். பிறகு, “வளையலோட யாரு உள்ளே விட்டது?” என்றார்.

“நான்தாம்மா. பாக்காம உட்டுட்டேன்” என்றார் அண்ணன்.

அது பொய். அவர் பார்த்ததை நான் பார்த்திருந்தேன். அன்று அவரே என்னைக் கீழே பஸ் ஸ்டாண்டுவரை கொண்டுவந்து விட்டார். பாதி மலை இறங்கியிருந்தோம். அப்புறம் கேட்டேன்.

“பாத்தீங்கதானே, அண்ணே?”

“பாத்தேன்.”

“கழட்டுன்னு சொல்லியிருக்கலாமே?”

ஒரு வளைவு, இரண்டு வளைவு போனது. “வூட்டுக்காரன் நெஞ்சில தையலோட படுத்துகினு கீறான். அவன் பொண்டாட்டியப் பாத்து வளையலக் கழட்டுன்னு எந்த வாயால சொல்றது? எனக்கு வர்ல சரோஜாம்மா” என்றார். “டாக்டரம்மா சின்னப் பொண்ணு, படிச்ச பொண்ணு. அதுக்கு இது புரியாது. அதான் பாக்கலன்னு சொன்னேன்.”

நான் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு உயிரை ஆயுசுக்கும் உள்ளே போட்ட கை. “நீ இன்னிக்கி வளையல் போட்டுகினு வந்தது நல்லதாப் போச்சு” என்று அவரே பேசினார். “கழட்டிட்டு வந்திருந்தா இது தெரியாமலே தொறந்து உட்டிருப்போம். அப்போ செத்திருக்கும். யோசிச்சுப் பாரு.” என்னைத் தேற்றச் சொன்னாரா, நிஜமாகவே அப்படி நினைத்தாரா என்று இன்றுவரைக்கும் தெரியாது. பஸ் ஸ்டாண்டு வந்ததும், “பழைய சாக்ஸ் கீதா வூட்டுல? முனைய வெட்டிட்டு வளையல் மேல இழுத்து உட்டுக்கோ, கூழ் கிண்டும்போது. கழட்டவும் வேணாம், சத்தமும் வராது. எனக்கு முன்னாடியே தோணல பாரு, மடப்பய” என்று தன் தலையில் தட்டிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து போன் வந்தது.

“சரோஜாம்மா, கண்ணாடி வளையல் ரெண்டு டஜன் வாங்கி வண்டில அனுப்பு. இருக்கறதுலயே பெரிய சைஸு.”

“அண்ணிக்கா?”

“எனக்கு.”

ஈஜிபுரா வளையல் கடையில் அந்தம்மா என் கையைப் பார்த்துவிட்டு, “உனக்கு ரெண்டு நாலு சைஸு போதுமே. ரெண்டு பன்னெண்டு யாருக்கு? அவ்ளோ குண்டா?” என்றாள்.

“எங்க அண்ணனுக்கு” என்றேன். அவள் எடுத்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பு தெருவே கேட்டிருக்கும்.

அவர் போட்ட திட்டம் இதுதான். தீனி வைக்கிறவர்கள் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போவார்கள். இவர் வேறு நேரத்தில், இரண்டு கையிலும் வளையல் போட்டுக்கொண்டு வேலி ஓரமாக நடப்பார். கரடி ஓடிவரும். தீனி இருக்காது. கிட்டே வந்ததும் தகர டின்னை எடுத்து இடி இடிப்பது போலத் தட்டுவார், கத்துவார். அது மிரண்டு ஓடும். வளையல் என்றால் கூழ் இல்லை, வளையல் என்றால் பயம். இதை அது கற்றுக்கொள்ளும்வரை தினமும்.

வெல்டிங்கில் காய்த்துப்போன கை. சோப்பு நுரை போட்டுத்தான் ஏற்றினாராம். தினம் கழற்றி மாட்ட முடியாது என்று வளையலோடேயே வண்டி ஓட்டினார், டீக்கடைக்குப் போனார். கூட வேலை செய்யும் மாதப்பா, “ஏனு செல்வராஜண்ணா, மதுவே யாவாக?” என்று கேட்பாராம், கல்யாணம் எப்போது என்று. “மாப்ள ஓடிகினே கீறான்பா, புடிச்சாத்தானே தாலி கட்டறது” என்பாராம் இவர். யாரோ போட்டோ எடுத்துத் தங்கவயலுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் சம்சாரம் லோகு அண்ணி போனில் பிடித்துக்கொண்டாராம்: “முப்பது வருஷமா எனக்கு ஒரு ஜோடி வாங்கித் தரத் துப்பில்ல, நீ டஜன் கணக்குல போட்டுகினு திரியற.” இதை அண்ணனே எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் அவர் சிரிக்காத நாளும் உண்டு. ஒரு தடவை சாயந்திரம் போன் செய்தார். “இன்னிக்கி ஓடி வந்துச்சு. நான் தட்டினேன். ஓடல. என் மூஞ்சியப் பாத்துகினே நின்னுச்சு. இன்னும் ஓங்கித் தட்டினேன். அப்புறந்தான் ஓடுச்சு” என்றார். “நல்ல காரியந்தான் செய்யறேன், தெரியுது. சோறு எறங்கல சரோஜாம்மா.” எனக்கும் அன்று இறங்கவில்லை. அவர் தட்டி விரட்டியது நான் பழக்கியதை அல்லவா.

ஒரு மழைக்காலம் போய், மறு வருஷம் வெயில் வந்தது. டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். “அண்ணனோட வளையல் வேற, உங்களோடது வேற. உங்க கைக்கு ஓடுதான்னு பாக்கணும். ஓடினா விடுவோம். வந்ததுன்னா முடிஞ்சது.” மறைவு இல்லை, காக்கிச் சட்டை இல்லை. அதே பச்சை வளையல். அதே குண்டான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று காலிக் குண்டானைக் கிண்டச் சொன்னார்கள்.

என் வாழ்க்கையில் அவ்வளவு கனமான கரண்டியைப் பிடித்ததில்லை. கிண்டினேன். வளையல் இடித்தது. பாறை மேலிருந்து அது எழுந்து நின்றது. காற்றில் மூக்கைத் தூக்கியது. என் வாசனை அதற்குப் போயிருக்கும். ஒரு அடி இறங்கியது. இன்னொரு அடி. எனக்குப் பின்னால் அண்ணன் மூச்சுவிடுவது கேட்கவில்லை. வா என்று ஒரு மனசு. வராதே, வராதே என்று ஒரு மனசு. இரண்டும் என்னுடையதுதான். கிண்டுவதை நிறுத்தக் கூடாது என்று சொல்லியிருந்ததால் கிண்டிக்கொண்டே இருந்தேன்.

திடீரென்று அது திரும்பியது. பாறையைத் தாண்டி, புதரை உடைத்துக்கொண்டு, திரும்பியே பார்க்காமல் மேலே ஓடிப்போனது.

நான் குண்டானோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். “நீ வளத்த புள்ள உன்னப் பாத்து ஓடுது. இதுக்கு மேல இன்னா வேணும் நமக்கு?” என்றார். அவர் கண்ணைத் துடைத்தபோது அவர் கை வளையலும் சத்தம் போட்டது. இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டோம்.

கதவைத் திறந்த அன்று நான் அங்கே இல்லை. போனில்தான் சொன்னார். “கதவு ஒரு இழு கூட இழுக்கல. நான் செஞ்ச கதவு. போயிடுச்சு.” அதற்குப் பிறகும் அவர் வளையலைக் கழற்றவில்லை. தோட்டத்துப் பக்கம் அது வந்தால் விரட்ட வேண்டுமே என்றார். அது வரவேயில்லை. வேலையில் இடிபட்டு ஒவ்வொன்றாக உடைந்து, கடைசியாக மிஞ்சியதை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார்.

அவருடைய காரியத்துக்குத் தங்கவயல் போயிருந்தேன். பழைய சுரங்கத் தொழிலாளர் லைன் வீடு. லோகு அண்ணியைப் பெண்கள் நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். தாலியைக் கழற்றினார்கள். அண்ணி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அண்ணனின் அத்தை, வயதானவர், அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்தார். “கையக் குடு லோகு. செய்யறத செஞ்சிடணும்” என்றார்.

எனக்குப் பேச வராது. நாலு பேர் கூடினால் பின்னால் போய் நிற்கிறவள். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை.

“அத்த, கொஞ்சம் இருங்க.”

“நீ யாரும்மா?”

“அவருகூட வேலை செஞ்சவ.”

“வேலை செஞ்சவளுக்கு இங்க இன்னா பேச்சு?”

சொன்னேன். காக்கிச் சட்டை போட்டு விட்டதை, என் கையைப் பார்த்ததை, வாய் வராமல் என் வீட்டுக்காரரைப் பற்றி விசாரித்ததை, டாக்டரம்மாவிடம் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டதை எல்லாம் முன்னும் பின்னுமாகச் சொன்னேன். “ஒரு உயிருக்கு வாழ்வா சாவான்னு இருந்தப்பகூட, ஒருத்தியப் பாத்து வளையலக் கழட்டுன்னு சொல்ல வாய் வராத மனுஷன் அத்த அவரு. தானே எடுத்துப் போட்டுகினாரு, கழட்டச் சொல்லல. அவரு பேரச் சொல்லியா நீங்க இவங்க கையில கழட்டுவீங்க?”

“அதெல்லாம் சரி. ஊரு இன்னா சொல்லும்?” என்றார் அத்தை.

அன்று முழுக்க வாய் திறக்காத அண்ணி அப்போதுதான் பேசினார். “ஊரு அவர வளையல் போட்டவன்னு சிரிச்சிச்சே. அவரு கழட்டினாரா அத்த?”

கையை மெதுவாக இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். அத்தை ரொம்ப நேரம் வளையல் இல்லாத தன் வெறும் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்கு அப்போ இருபத்தி ரெண்டு வயசு. எனக்கோசரம் எவளும் வந்து பேசல” என்றார். பிறகு முழங்காலில் கை ஊன்றி எழுந்து, “அவளுக்குக் காலைலேர்ந்து ஒண்ணும் குடுக்கல. காப்பி குடுங்கடி” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

புறப்படும்போது அண்ணி அந்த டப்பாவைக் கொண்டுவந்தார். இரண்டு டஜனில் ஐந்து மிஞ்சியிருந்தன. ஒன்றை என் கையில் வைத்து மூடினார். “நீ வாங்கி அனுப்பினதுதானே” என்றார்.

என் வீட்டுக்காரர் இப்போது நன்றாக இருக்கிறார். நான் இதை எழுதும்போது டிவி சத்தத்தைக் குறைக்க மாட்டேன் என்று சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டார். எங்கள் சாப்பாட்டு அறையில் எல்லாப் பெண்களும் வளையல் மேல் சாக்ஸ் இழுத்துவிட்டுக்கொண்டுதான் கூழ் கிண்டுகிறார்கள். போன வாரம் ஒரு மரநாய்க் குட்டி வந்திருக்கிறது. அதற்கு நம்பர்தான். ரகசியமாகக்கூடப் பேர் வைக்கவில்லை.

அண்ணன் வளையல் என் கைக்குப் பெரிது, போட்டால் கழன்று விழுகிறது. சாப்பாட்டு அறை ஆணியில், கரண்டிகளுக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறேன். ஒன்றே ஒன்று என்பதால் அது சத்தம் போடுவதில்லை. குட்டிகள் இருக்கும் இடத்துக்கு அதுதான் சரி என்று சொல்லியிருப்பார் அவர். காலையில் சாப்பாட்டுத் தட்டுகள் எல்லாம் போன பிறகு, அறையில் யாரும் இல்லாதபோது, நான்தான் என் கை வளையலை அதன்மேல் ஒரு தரம் தட்டிப் பார்க்கிறேன்.